கருமாதி முடிந்தும் திறக்காத கதவு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "2020 ஜூலையில் கோவிட்டில் அம்மா போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடவில்லை. 16-ஆம் நாள் கருமாதியை வீட்டு ஆட்களோடு முடித்துக்கொண்டோம். அவர் அறைக் கதவை இன்றுவரை நான் திறக்கவில்லை. மகள் கவுன்சலரிடம் போகச் சொல்கிறாள். வெறும் பேச்சு என்ன செய்துவிடும்?"

பெரும்பாலோருக்குத் துக்கம் நாளடைவில் தானாகவே இளகும், சிகிச்சை தேவைப்படாது. ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு அது இளகாமல் உறைந்து நிற்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இப்போது இதற்குத் தனிப் பெயரே உண்டு: நீடித்த துயரக் கோளாறு. துக்கத்துக்கு மறுப்பு, கோபம் என்று ஐந்து படிகள் சொல்வார்களே, மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசித்தான். நாம் அந்தப் படிகளில் வரிசையாக ஏறவேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். "அம்மா இறந்துவிட்டார்" என்பது ஒரு நாள் நடந்த சம்பவத்தின் நினைவு. "அம்மா வீட்டில்தான் இருப்பார்" என்பதோ பல்லாயிரம் காலைகளில் மூளை கற்றுக்கொண்ட பாடம். இரண்டும் ஒரே தலைக்குள் அருகருகே இருக்கமுடியும் என்கிறார் நரம்பியல் ஆய்வாளர் மேரி-ஃபிரான்சஸ் ஓ'கானர். பழக்கத்தில் இரண்டு கப் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறோமே, அப்போது பழைய பாடத்தில் ஒரு வரி திருத்தப்படுகிறது. காலம் ஆற்றும் என்கிறோமே, அது நடப்பது இப்படித்தான். ஆனால் பூட்டிய அறையில் திருத்தம் நடக்க வழியில்லை. மூளையின் கணக்கில் அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னும் படுத்திருக்கிறார்.

அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய சிகிச்சை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. மொத்தம் 16 அமர்வுகள். நம் கருமாதி நாளோடு எண் ஒத்துப்போவது தற்செயல்தான். கண்ணை மூடிக்கொண்டு, இறந்த செய்தி வந்த நேரத்திலிருந்து இப்போது நடப்பதுபோலவே சொல்லவேண்டும். அது பதிவாகும். வீட்டில் தினமும் அதைக் கேட்கவேண்டும். கேட்டு முடித்ததும் அந்தக் கதையை எடுத்து ஓரமாக வைப்பதாக மனதுக்குள் காணவேண்டும். பிறகு பிடித்தது ஏதாவது செய்யவேண்டும்.

என் அப்பாவுக்காக நானும் இதைச் செய்தேன். முதல் இரண்டு முறை, அவர் இறந்த செய்தியோடு ஃபோன் அடித்த இடத்திலேயே என் குரல் நின்றுவிட்டது. நான்காவது முறை ஃபோனைத் தாண்டிப் போனேன். அன்று ஃபோனில் நர்ஸ் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது: "டீ கேட்டார், பாதி குடித்தார்." அது எப்போதும் என் நினைவில்தான் இருந்திருக்கிறது. ஃபோன் சத்தத்திலேயே நான் ஓடிவிட்டதால், கதை ஒருமுறைகூட அதன் முடிவுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடாமல் உட்கார்ந்து கேட்கக் கேட்க, அந்த நினைவு வந்தால் நான் நொறுங்கிவிடமாட்டேன் என்று மூளை கற்றுக்கொள்கிறது. சம்பவம் நேற்றைய இடத்துக்கு நகர்கிறது. 2005-இல் வெளியான ஷியரின் ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான பேச்சுச் சிகிச்சையில் 28 சதவீதம்.

இறந்தவரோடு கற்பனையில் பேசுவதும் இதில் உண்டு. அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டு, அவர் இடத்தில் இருந்து நாமே பதிலும் சொல்லவேண்டும். புரட்டாசியில் படையல் வைத்து, "அப்பா, சாப்பிடுங்க" என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் நமக்கு இது புதிதா என்ன? நம் சடங்குகளில் நல்லது நிறைய இருக்கிறது. "அழுதால் ஆத்மா போகாது, பேரை எடுக்காதே" என்று வாயை அடைப்பதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. பேசினால் இளகக்கூடியதை உறையவைக்கும் பேச்சு அது.

பணம் இருப்பவர்களுக்குத்தான் உளவியலாளர் என்ற நிலை இங்கே மாறவேண்டும். பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, வருகிறவர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்க, கிளினிக் வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அது பலன் தந்தது ஆய்விலும் தெரிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணம். துக்கம் கேட்கத் தெரிந்த ஆயாக்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அரசு காசு ஒதுக்கட்டும்.

அக்கா, தவிர்த்துவந்த இடத்துக்குப் போவதையும் இந்தச் சிகிச்சை படிப்படியாகத்தான் வைத்திருக்கிறது. முதல் வாரம் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வந்தால் போதும். அடுத்த வாரம் கதவைத் திறந்து வாசலில் நில்லுங்கள், மகள் கூட நிற்கட்டும். அம்மாவின் சேலையை எடுப்பதெல்லாம் அப்புறம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லும் கவுன்சலராக இருந்தால், வேறொருவரைப் பாருங்கள்.