மலைக்குளிரில் லேப்டாப் சூடாகாதா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகனுக்கு கேமிங் லேப்டாப் வாங்குவதா, டெஸ்க்டாப் வாங்குவதா? நம் ஊர்க் குளிருக்கு லேப்டாப் சூடாகவே சூடாகாது என்கிறார்களே, உண்மையா?"

பாதி உண்மை. மலையில் குளிர் இருக்கிறது, ஆனால் காற்று குறைவு. ஃபேன் சுழலும்போது தள்ளுவது கன அளவை. சூட்டைச் சுமப்பதோ காற்றின் நிறை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். விளையாடும்போது லேப்டாப் 150 வாட் சூட்டை வெளியேற்றுகிறது, அதன் இரண்டு ஃபேன்களும் சேர்ந்து விநாடிக்கு 10 லிட்டர் காற்றைத் தள்ளுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 32 டிகிரிச் சென்னையில் அந்த 10 லிட்டர் சுமார் 11.5 கிராம் இருக்கும், வெளியே போகும்போது 13 டிகிரி சூடேறும். 15 டிகிரி ஊட்டியில் அது 9.3 கிராம்தான், ஆகவே 16 டிகிரி ஏறும். வெளியேறும் காற்று சென்னையில் 45 டிகிரி, ஊட்டியில் 31. மெலிந்த காற்று மூன்று டிகிரியைப் பறித்தாலும் குளிர் பதினேழு டிகிரியைக் கொடுத்துவிடுகிறது. கணக்கில் மலைக்குத்தான் லாபம்.

ஆனால் அந்த லாபம் சிப்பை எட்ட வேண்டுமே. சிப்பிலிருந்து ஃபேன் வரை சூட்டைக் கொண்டுபோவது ஹீட் பைப் என்னும் செப்புக் குழாய். கணினிக்குள் இருப்பவற்றிலேயே அழகான பொருள் இதுதான் என்பேன்.

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது என்பது மலைவாசிகளுக்குத் தெரியும். அழுத்தம் குறைவதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்புக்கு அந்தச் சூடு போதவில்லை. அதனால் குக்கரில் அழுத்தத்தைக் கூட்டி கொதிநிலையை உயர்த்துகிறோம். ஹீட் பைப் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. குழாய்க்குள்ளிருந்து காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி தண்ணீரை மட்டும் விட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே நீரும் நீராவியும் தவிர வேறொன்றும் கிடையாது. எனவே அந்த நீர் எந்த வெப்பநிலையிலும் கொதிநிலையின் விளிம்பிலேயே நிற்கிறது. 40 டிகிரியில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியுலக அழுத்தத்தில் பதினான்கில் ஒரு பங்குதான். சிப் மீது படும் முனை சற்றே சூடானாலும் நீர் ஆவியாகும், ஆவி குளிர்ந்த முனைக்குப் பாயும், அங்கே ஃபேன் காற்று படும் மெல்லிய தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகும். கீழ்நாட்டு ஈரக்காற்று மலையேறிக் குளிர்ந்து மேகமாவது போலத்தான்.

அந்த நீர் திரும்பி வருவது எப்படி? குழாயின் உட்சுவரில் செப்புத் தூளைச் சுட்டு ஒட்டவைத்த நுண்துளைப் படலம் ஒன்று இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது நீரைச் சூடான முனைக்கு இழுத்துவருகிறது. மோட்டார் கிடையாது, அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் தேவை. ஆக 100 வாட்டைக் கடத்த நிமிடத்துக்கு இரண்டரை கிராம் நீர் ஆவியாகித் திரும்ப வேண்டும். அதே சில துளிகள் ஓயாமல் சுற்றிச்சுற்றி வருகின்றன! குழாய் மூடியிருப்பதால் ஊட்டியின் குறைந்த அழுத்தம் இதைத் தொடுவதேயில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. திரி இழுத்துவரும் வேகத்தை மிஞ்சி நீர் ஆவியானால் சூடான முனை வறண்டுபோகும், சிப்பின் வெப்பம் சட்டென்று ஏறும். லேப்டாப்பில் இடமில்லாததால் உருண்டைக் குழாயை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக்குகிறார்கள். ஆவி போகும் வழி குறுகி அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது. டெஸ்க்டாப் கூலரில் குழாய்கள் உருண்டையாகவே இருக்கின்றன, தகடுகள் பல மடங்கு பெரிது, 120 மில்லிமீட்டர் ஃபேன் நிதானமாகச் சுழன்றாலே போதும்.

1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இந்தக் குழாயை உருவாக்கியது விண்வெளி மின்சக்தி ஆய்வுக்காக. இஸ்ரோவின் செயற்கைக்கோள்களிலும் ஹீட் பைப்புகள் இருக்கின்றன. விண்வெளிக்குச் செலவழித்த பணத்தால் சாமானியனுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், மடியில் இருக்கும் லேப்டாப்பின் அடியைத் திறந்து பார்க்கட்டும். அடிப்படை ஆய்வுக்கான நிதியைக் குறைப்பது விதைநெல்லைத் தின்பதற்குச் சமம்.

இனி கடைக்கு வருவோம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விளையாட்டின் காட்சிகளை வரையும் கிராஃபிக்ஸ் சிப்பைச் சொல்கிறேன். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4070 என்னும் சிப்பில் 4,608 கூடா கோர்கள், அதாவது கணக்கிடும் சிற்றலகுகள், 8 ஜிபி நினைவகம். டெஸ்க்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 4070இல் 5,888 கோர்கள், 12 ஜிபி. பெயர் ஒன்று, சிப் வேறு. அடுத்து வாட். லேப்டாப் 4060ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் ஓட்டுவது என்பதைத் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார், டெஸ்க்டாப் 4060 எப்போதும் 115 வாட். பெட்டியில் இந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மலைக்குளிர் இந்த வரம்பை உயர்த்தாது. ஃபேன் சத்தம் குறையும், சூடு தாங்காமல் வேகம் குறைவது அரிதாகும், அவ்வளவுதான். அந்தப் பலனையும் கம்பளி கெடுத்துவிடும். லேப்டாப் காற்றை அடிப்பக்கமாக உறிஞ்சுவதால், கட்டிலில் கம்பளிமேல் வைத்து விளையாடினால் துளைகள் அடைபடும், நூல் தூசி தகடுகளுக்கிடையே பஞ்சாக அடைந்துகொள்ளும். மேசைமீதுதான் வைக்க வேண்டும்.

மெலிந்த காற்று மின்காப்பிலும் சற்றுப் பலவீனமானது. 2,000 மீட்டர் வரை மட்டும் சோதிக்கப்பட்ட சில அடாப்டர்களில் மலை போன்ற குறியும் அந்த எண்ணும் இருக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், கவலையில்லை. ஊட்டிக்காரர்கள் குறி இல்லாததாகப் பார்த்து வாங்கலாம்.

டெஸ்க்டாப்புக்கு உள்ள பெரிய தொல்லை மின்வெட்டு. கூடலூர்ப் பக்கம் ஆடியிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசியிலும் கற்பூரமரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும். வழக்கமான 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். 4070 போட்ட கணினி விளையாட்டின் நடுவே அதைத் தாண்டிவிடலாம், தாண்டினால் கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் விழும். 1,000 விஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். அதுவும் சேமித்துவிட்டு அணைக்கும் சில நிமிடங்களுக்குத்தான். லேப்டாப்புக்கு பேட்டரியே யுபிஎஸ், ஆனால் பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் வேகம் வெகுவாகக் குறையும்.

அடுத்த எதிரி ஈரம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் போடாமல் வைத்த டெஸ்க்டாப், ஃபேன் மட்டும் சுழன்று திரை வராமல் நிற்கும். பெரும்பாலும் ராம் என்னும் நினைவகப் பட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளில் ஈரமும் அழுக்கும் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, கிளிக் என்று இருபுறமும் பூட்டும்வரை அழுத்துங்கள். தினமும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அதன் சூடே ஈரத்தை விரட்டும். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமத்தைக் கேபினெட்டின் மூடிய பக்கத்தில் வையுங்கள். காற்றுத் துளைகளருகே வைத்த குங்குமத்தை ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். கதிர்வீச்சை உறிஞ்சும் என்று விற்கும் ஸ்டிக்கருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், அதற்குப் பின்னால் எந்த அறிவியலும் இல்லை.

கணினி கோத்தகிரி வீட்டை விட்டு நகராது என்றால் என் பதில் டெஸ்க்டாப். அதே பணத்துக்கு வேகம் அதிகம், கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மகன் கோவையில் படித்து வாராவாரம் மலையேறி இறங்குபவர் என்றால் லேப்டாப்தான், தயங்க வேண்டாம்.

அவர் இறங்கும்போதுதான் கவனம் தேவை. சூடான லேப்டாப் குளிருக்குள் ஏறுவதால் கெடுதல் இல்லை. மார்கழி விடியலில் 12 டிகிரி அறையிலிருந்த லேப்டாப்பைக் காரில் மேட்டுப்பாளையம் கொண்டுபோய் உடனே திறந்தால், அங்குள்ள ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின்மேல் பனித்துளியாகப் படியும், உள்ளே மதர்போர்டிலும்தான். அணைத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை முழுதாக மூடி எடுத்துச் செல்லட்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் பையைத் திறக்காமல் விட்டு, தொட்டுப் பார்த்துச் சில்லிப்பு போன பிறகு ஆன் செய்யட்டும்.