வீ ஒன்னுக்கு முந்திய மூன்று விநாடி

ஆடி மாதம் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்தபோது, விமானக் கேப்டன் பயிற்சிக்குப் போகவிருந்த நாங்குநேரித் தம்பி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். "எஞ்சின் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி, அண்ணாச்சி" என்றார்.

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கண்ணை மூடி, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரில் வலது கையை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். வீ ஒன், அதாவது புறப்பாட்டை நிறுத்தத் தொடங்கக்கூடிய கடைசி வேகம், 140 நாட் (மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர்). வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, 130இல் மேசையை ஓங்கி அறைந்தேன். "விமானம் வலப்பக்கம் இழுக்கிறது. எஞ்சின் அளவுகள் சரியாக இருக்கின்றன." அவர் கை முன்னும் பின்னும் தவித்தது. "நிறுத்துகிறேன்" என்று சொல்ல மூன்று விநாடி ஆனது. அதற்குள் வீ ஒன் கடந்துவிட்டது. அந்த வேகத்தில் மூன்று விநாடி என்பது நெல்லை சுலோச்சன முதலியார் பாலத்தின் நீளத்தில் பெரும்பகுதி.

வீ ஒன்னை 'முடிவெடுக்கும் வேகம்' என்று சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டோம். நிறுத்துவதானால், அந்த வேகத்துக்குள் கை செயலைத் தொடங்கியிருக்க வேண்டும். யோசனை அதற்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சிமுலேட்டர் பயிற்றுநராக எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்: எஞ்சின் கோளாறு எப்போது வரும் என்று பயிற்சி பெறுபவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் வெளியான பயிற்சிக் கையேடு ஒன்று, புறப்பாட்டை நிறுத்த முயன்று ஓடுபாதையைத் தாண்டிய 74 நிகழ்வுகளை அலசியது. எஞ்சின் காரணமானவை ஏறக்குறைய கால்வாசிதான். சக்கரமும் டயரும் காரணமானவை கிட்டத்தட்ட அதே அளவு. பாதிக்கு மேற்பட்டவற்றில் வீ ஒன்னுக்குப் பிறகுதான் நிறுத்தத் தொடங்கினார்கள்.

அதனால் என் வகுப்பில் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டயர் வெடிக்கும், எச்சரிக்கை விளக்கு பொய்யாக எரியும், நான்கு புறப்பாடுகளில் ஒன்றுமே நடக்காது. வேகம் குறைவாக இருக்கும்போது சிறு கோளாறுக்கும் நிறுத்தலாம். 80 அல்லது 100 நாட்டைத் தாண்டிவிட்டால் தீ, எஞ்சின் செயலிழப்பு, ஆபத்தான காற்று வெட்டு (காற்றின் வேகமோ திசையோ திடீரென மாறுவது), பறக்கவே முடியாத நிலை போன்றவற்றுக்கு மட்டும்தான்.

அந்தக் கடைசிக் காரணம் வீ ஒன்னுக்குப் பிறகும் வரலாம். 2017 மார்ச் 8 அன்று மிச்சிகனின் வில்லோ ரன்னில் 116 பேருடன் ஓடிய எம்.டி.83 விமானத்தின் மூக்கு எழவே இல்லை. நிறுத்திவைத்திருந்தபோது, அருகிலிருந்த பெரிய கொட்டகையால் சுழன்ற பலத்த காற்று வால் பகுதியில் மூக்கை ஏற்றி இறக்க உதவும் எலிவேட்டர் பலகையைச் சிக்கவைத்திருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்றை அறிந்த நமக்கு அதன் வலு புரியும். வீ ஒன் கடந்த பின்பும் கேப்டன் நிறுத்தினார். பக்கத்தில் அவரை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்த பரிசோதக விமானி அந்த முடிவில் குறுக்கிடவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது, எல்லோரும் பிழைத்தார்கள்.

வாகைகுளத்தில், தூத்துக்குடி விமான நிலையத்தில், விமானம் ஏறும் நம்மூர்ப் பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. வேகமெடுத்த விமானம் திடீரென நின்றால் எழுந்து பையைத் தேடாதீர்கள். பணியாளர் சொல்வதைக் கேளுங்கள். பிரேக் கடுமையாகச் சூடேறினால் சக்கரத்திலுள்ள உருகும் அடைப்பான் கரைந்து, டயரின் காற்று தானாக இறங்கும். டயர் வெடிக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு.

அன்று அந்த நாற்காலியில் பன்னிரண்டு முறை ஓட்டினோம். அவர் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, "வீ ஒன் சொல்லியாயிற்று, டயர் வெடிக்கிறது" என்றேன்.

"பறக்கிறேன், அண்ணாச்சி" என்றார், நிமிராமலேயே.