பனிக்கரடியும் பென்குயினும் சந்திப்பதில்லை

என் எல்.கே.ஜி. வகுப்பறைச் சுவரில் பல ஆண்டுகள் ஒரு சார்ட் இருந்தது. கடையில் வாங்கிய அந்தப் படத்தில், ஒரே பனிப்பாறையின் மேல் பனிக்கரடியும் பென்குயினும் அருகருகே நின்றன. "மிஸ், கரடி அதைச் சாப்பிட்டுடாதா?" என்று நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட நாளில்தான் நான் அதை முழுமையாகப் பார்த்தேன். பனிக்கரடி பூமியின் வடகோடியில் வாழ்கிறது. பென்குயின்களோ ஏறத்தாழ எல்லாமே பூமியின் தென்பாதியில் வாழ்பவை. இயற்கையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அன்று மாலையே சார்ட்டை இரண்டாக வெட்டி, கரடியைக் கரும்பலகைக்கு மேலேயும் பென்குயினைக் கீழேயும் ஒட்டினேன்.

மழலையருக்குத் தொலைதூர நாடுகளைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் பெயர்களையே கற்பிக்கிறோம். விருந்தினர் முன் குழந்தை பத்து நாடுகளையும் தலைநகரங்களையும் ஒப்பிப்பது பெற்றோருக்கு மகிழ்ச்சி தருகிறது என்பதை அறிவேன். ஆனால், ஜெனீவாவில் வாழும் சிறு குழந்தைகளால் தாங்கள் ஜெனீவாவிலும் சுவிட்சர்லாந்திலும் ஒரே நேரத்தில் இருப்பதைப் புரிந்துகொள்ள இயலவில்லை என்று குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜே 1951இலேயே எழுதினார். சொந்த ஊர் தன் நாட்டுக்குள் இருப்பதே விளங்காத வயதில், ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெரா என்ற சொல் குழந்தைக்கு வெறும் ஓசையாகத்தான் இருக்க முடியும். இந்த வயதில் கை தொட்டதும் உடல் செய்ததுமே மனத்தில் தங்கும். மான்டிசோரி வகுப்புகளில், நிலப்பரப்பு சொரசொரப்பாகவும் கடல் வழுவழுப்பாகவும் உள்ள பூகோள உருண்டையை முதலில் விரல்களால் தடவிப் பார்க்கச் செய்வது அதனால்தான்.

பென்குயின் பாடத்தின்போது குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் பாதத்தின் மேலும் ஒரு சிறு பந்தை வைத்து, கீழே விழாமல் நடக்கச் சொல்வேன். எம்பரர் பென்குயினின் ஆண் பறவை, அன்டார்க்டிகாவின் கடுங்குளிரில், உணவே இல்லாமல், ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முட்டையை இப்படித்தான் பாதங்களின் மேல் தாங்கி அடைகாக்கிறது என்று அதன் பிறகு சொன்னால், வகுப்பே அமைதியாகிவிடும்.

கங்காருவுக்கு மொச்சைக் கொட்டைதான் என் கருவி. பிறந்தவுடன் செங்கங்காருவின் குட்டி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். எடை ஒரு கிராம்கூடத் தேறாது. கண் திறவாத, உரோமம் முளைக்காத அந்தச் சிற்றுயிர், தாயின் உரோமத்தைப் பற்றித் தானே பைக்குள் ஏறி, காம்பைக் கவ்விக்கொண்டு, ஏறத்தாழ எட்டு மாதம் வரை அந்தப் பையை வீடாகக் கொண்டு வளர்கிறது. ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கொட்டையை வைத்து, "இதுதான் குட்டி" என்பேன். (எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்ப வாங்க வேண்டும், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது அது.) ஒருமுறை ஒரு சிறுவன் மட்டும் கையை மூடிக்கொண்டு, "பாப்பா தூங்குது மிஸ்" என்று மெல்லிய குரலில் சொல்லி, கொட்டையைத் திருப்பித் தர மறுத்தான். மற்றவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். உயிரினத்தின் மீது பரிவு பிறக்கும் அந்தக் கணத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

எனக்கு மிகுந்த கவலை தருவது ஆப்பிரிக்கா. 54 நாடுகள் கொண்ட கண்டத்தை ஒரே நாடாக, அதுவும் சிங்கமும் யானையும் மட்டுமே உலவும் காடாக நம் படப்புத்தகங்கள் காட்டுகின்றன. "அங்கே யார் இருக்காங்க?" என்று என் வகுப்பில் கேட்டபோது, மனிதர்கள் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லவில்லை. இந்த வெறுமை நிரப்பப்படாமல் போனால், பின்னாளில் அங்கிருந்து வரும் ஒரு மனிதரை எப்படிப் பார்ப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கக்கூடும்.

ஆகவே இப்போது கென்யாவிலிருந்து தொடங்குகிறேன். தலைநகர் நைரோபியை ஒட்டியே 1946இல் அமைந்த தேசியப் பூங்கா இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கிகள் மேய, அவற்றுக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள் தெரியும் புகைப்படங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. கிண்டியில் மான் பார்த்த சென்னைக் குழந்தைகளுக்கு இது சட்டென்று விளங்குகிறது. கூடவே, சீருடை அணிந்து பள்ளிக்குச் செல்லும் அந்நகரக் குழந்தைகளின் படத்தையும் காட்டுகிறேன். சென்ற முறை பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒட்டகச்சிவிங்கி வரையச் சொன்னேன். ஒரு தாளில் அதன் நீண்ட கால்களுக்கு அருகே மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து நின்றது. அதன் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் இருந்தது.