சுண்ணாம்பு நீரில் ஓர் இரவு: மெக்சிகோ அடுப்படியில் சோளம் உணவாகும் விதம்

மெக்சிகோவின் தெற்கே, வஹாக்கா பள்ளத்தாக்கில், சபோதெக் என்னும் பழங்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரின் வீட்டில் அவர்களுடைய பாரம்பரியச் சமையலைக் கற்றுக்கொள்ளச் சென்றிருந்தேன். வகுப்பு காலை எட்டு மணிக்கு என்றிருந்தும், முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கான காரணம் முற்றத்து விறகடுப்பில் தெரிந்தது. ஒரு பெரிய பானையில் நீர் காய்ந்துகொண்டிருக்க, எல்லோரும் அபுவேலா, அதாவது பாட்டி, என்று அழைத்த வீட்டின் மூத்த பெண்மணி, மண் கிண்ணத்தில் வைத்திருந்த சுட்ட சுண்ணாம்புக் கல்லின் மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்தார். கல் சீறி, ஆவி கக்கி, சிறிது நேரத்தில் வெள்ளை மாவாக உதிர்ந்தது. அந்தச் சுண்ணாம்பைப் பானை நீரில் கரைத்த பிறகே அவர் மக்காச்சோளத்தைக் கொட்டினார். அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. மெக்சிகோச் சமையலைப் பற்றிப் பேசுவோர் பலரும் மிளகாய் வகைகளையும் மோலே குழம்புகளையும் வியந்துவிட்டு, இந்தப் படியை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். மறுநாள் நாங்கள் சுட்ட, டோர்டியா என்னும் மெல்லிய சோள ரொட்டி ஒவ்வொன்றும் அந்தச் சுண்ணாம்பால்தான் டோர்டியாவாயிற்று என்பதால், இந்தக் கட்டுரையில் அதை மட்டுமே விளக்க விரும்புகிறேன்.

இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிஸ்தமால் என்று பெயர். அஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் சாம்பலைக் குறிக்கும் ‘நெஷ்த்லி’ என்ற சொல்லும், சோள மாவுப் பண்டத்தைக் குறிக்கும் ‘தமாலி’ என்ற சொல்லும் சேர்ந்து உருவான பெயர் அது. சுண்ணாம்பு கிடைக்காத இடங்களில் மரச் சாம்பலைக் கரைத்த நீரும் இதே வேலையைச் செய்யும். தமிழில் ‘நீறு’ என்ற ஒரே சொல் சாம்பலையும் நீற்றிய சுண்ணாம்பையும் குறிப்பதை இங்கே நினைத்துக்கொண்டேன். பாட்டி கரைத்ததும் நாம் வெற்றிலையில் தடவுவதும் ஒரே பொருள்தான். வேதியியலில் அதன் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு.

அளவு எளிமையானது. ஒரு கிலோ சோளத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர் நீர், 10 கிராம் சுண்ணாம்பு. நீர் தளதளவென்று கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழேயே வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிட்டு, அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊறவிட வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கும் குறைவான சுண்ணாம்பே கரையும் என்பதும், நீர் சூடாகச் சூடாக அது இன்னும் குறைவாகவே கரையும் என்பதும் இங்கே கவனிக்க வேண்டியவை. எவ்வளவு போட்டாலும் நீரின் காரம் (மிளகாயின் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிக் குணம்) ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. கரையாத சுண்ணாம்பு அடியில் தங்கி, கரைந்தது செலவாகும்போது மெல்ல மெல்ல அதன் இடத்தை நிரப்புகிறது. காஸ்டிக் சோடா போன்ற பொருளை இதே பானையில் போட்டிருந்தால் ஒரு கரண்டி கூடினாலும் சோளம் கூழாகியிருக்கும். தராசு இல்லாமல் கையளவில் சுண்ணாம்பு போடுகிற ஒருவருக்கு இதைவிடப் பொறுமையான காரம் கிடைப்பது அரிது.

பானைக்குள் முதலில் நடப்பது தோல் கழலுதல். சோள மணியின் மேல்தோல் பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளால் ஆனது. அந்த நார்ச் சங்கிலிகளை ஃபெருலிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறு ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கிறது. வெறும் நீரில் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் இந்தத் தையல் எளிதில் விடாது. காரம் அதை அறுத்துவிடுகிறது. அடுப்பில் ஏறிய அரை மணி நேரத்தில் வெள்ளைச் சோளம் பளிச்சென்ற மஞ்சளாக மாறியதைப் பார்த்தோம். கழன்று வந்த ஃபெருலிக் அமிலமும் அதையொத்த வேறு சில பொருள்களும் காரத்தில் மஞ்சள் நிறம் காட்டுவதே அதற்குக் காரணம். பாட்டி ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். தோல் ஈரக் காகிதம் போல வழுகி வந்தது. பிறகு அதை நகத்தால் பிளந்து உட்புறத்தைக் காட்டினார். வெளிச்சுற்று வெந்து பளபளத்தது. நடுவில் மட்டும் சுண்ணக்கட்டி போன்ற ஒரு வெண்புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், மீதியை இரவு பார்த்துக்கொள்ளும் என்றார்.

அந்த இரவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரியம் நடக்கிறது. நயாசின் எனப்படும் பி3 வைட்டமின் சோளத்தில் போதிய அளவுக்கு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸ் போன்ற பெரிய மூலக்கூறுகளோடு பிணைந்து கிடப்பதால், நம் குடல் அதைப் பிரித்தெடுக்க முடியாமல் வெளியே தள்ளிவிடுகிறது. நயாசினைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பும், தோலைத் தைத்து வைத்திருக்கும் பிணைப்பும் வேதியியலில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எஸ்டர் பிணைப்பு என்பார்கள். ஆகவே தோலைக் கழற்றிய அதே காரம் வைட்டமினையும் விடுவித்துவிடுகிறது.

இதன் மதிப்பு என்னவென்று உலகம் அறிந்த கதை துயரமானது. கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் சோளம் அட்லாண்டிக்கைக் கடந்தது. சுண்ணாம்புப் பானை கடக்கவில்லை. ஐரோப்பாவில் காய்ந்த தானியத்தை அப்படியே மாவாக்கும் எந்திரக்கற்கள் ஏற்கெனவே இருந்ததால், தோல் நீக்குவதற்காக யாரும் சோளத்தை ஊறவைக்க வேண்டியிருக்கவில்லை. 1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் ஒரு நோயைக் கண்டு விவரித்தார். வெயில் படும் இடங்களில் தோல் கருகி வெடித்தது, கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலத் தழும்பு விழுந்தது, வயிற்றுப்போக்கும் மனக் குழப்பமும் தொடர்ந்தன, பலர் இறந்தார்கள். இத்தாலியில் அதற்கு ‘கரடுமுரடான தோல்’ என்ற பொருளில் பெலாக்ரா என்று பெயரிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது பரவியபோது, தொற்றுநோய் என்றே பெரும்பாலானோர் நம்பினார்கள். 1914-இல் அந்த நோயை ஆராயும் பொறுப்பை ஏற்ற மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அது தொற்றாது என்று காட்டுவதற்காக நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். உணவில் ஏதோ குறைகிறது என்று நிறுவிய அவர், அது எது என்று அறியாமலே 1929-இல் காலமானார். 1937-இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஜெம் அது நயாசின்தான் என்று அடையாளம் காட்டினார்.

இத்தனை ஆண்டுகளும் மெக்சிகோவின் கிராமங்கள் சோளத்தையே முதன்மை உணவாக உண்டு வந்தன; அங்கே இந்த நோய் அரிதாகவே இருந்தது. அந்த வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத மித்லா ஊருக்கு அருகே, கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த சோளக் கதிர்கள் ஏறத்தாழ 6,250 ஆண்டுகள் பழமையானவை. அவ்வளவு நெடுங்காலம் ஒரு தானியத்தோடு பழகியவர்களின் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு, தானியத்தை மட்டும் எடுத்துச் சென்றவர்களின் கண்ணில் படவில்லை. சமையலை யார் கற்றுத் தருகிறார்கள் என்பதில் எனக்கு இருக்கும் அக்கறை இதனால்தான். எழுதி வைத்த செய்முறையில் ‘சோளத்தை வேகவைக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். அடுப்பின் அருகே நின்றால்தான் சுண்ணாம்புக் கல் சீறுவதைப் பார்க்க முடியும்.

காலையில் பானையைத் திறந்தபோது, நெஹயோத்தே என்று அவர்கள் சொல்லும் ஊறல் நீர் அடர்மஞ்சளாக, சற்றே வழவழப்பாக இருந்தது. அதை வடித்துவிட்டு, மணிகளை நல்ல நீரில் இரண்டு முறை அலசினோம். மீண்டும் மீண்டும் தேய்த்துக் கழுவப் போன என்னைப் பாட்டி தடுத்தார். தோலிலிருந்து கரைந்த பசை கொஞ்சம் மணியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு, வேதியியலின் கணக்கும் அதுவே. கோதுமை மாவை இழுபடச் செய்யும் குளூட்டன் என்ற புரதம் சோளத்தில் இல்லை. காய்ந்த சோள மாவில் நீர் விட்டுப் பிசைந்தால் அது உதிரியாகவே நிற்கும். தட்டினால் ஓரம் வெடிக்கும். நிஸ்தமாலை அரைத்தால் கிடைக்கும் மாசா என்னும் ஈரமாவோ களிமண் போலக் கைக்கு இசைகிறது. கரைந்த ஹெமிசெல்லுலோஸ் அதில் பசையாகிறது. கால்சியம் அயனிகள் மூலக்கூறுகளுக்கு இடையே பாலமிடுகின்றன. பாதி வெந்த மாவுச்சத்து நீரைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் வேகாமல் விட்ட அந்த வெண்புள்ளி, மாவு கோந்தாகிவிடாமல் காக்கிறது.

அரைப்பதற்கு இப்போது பெரும்பாலோர் ஊரிலுள்ள மோலீனோ என்னும் மாவு ஆலைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்களுக்காக ஒரு பங்கை மெத்தாத்தேயில் அரைக்கச் சொன்னார்கள். அது எரிமலைக் கல்லில் செதுக்கிய, முன்பக்கம் சரிந்த, மூன்று கால் கொண்ட அம்மி. முழங்காலிட்டு உடல் பாரம் முழுவதையும் குழவியில் இறக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எனக்குத் தோள்கள் இற்றுப்போயின. ஆலைகள் வரும் முன்பு பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் இதன் முன் மண்டியிட்டிருந்தார்கள் என்பதை, இந்த உணவைப் புகழும்போது சேர்த்தே சொல்ல வேண்டும். அரைக்க அரைக்க எழுந்த வாசனை, வெறும் சோளத்தில் ஒருபோதும் வராதது. காரம் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சிறிதளவு சிதைக்கும்போது உண்டாகும் 2-அமினோஅசெட்டோஃபீனோன் என்ற சேர்மமே அந்த மணத்தின் முக்கியக் கூறு.

சுடும் கல்லான கோமாலுக்கும் சுண்ணாம்பு உண்டு. மண்ணால் செய்த அந்த வட்டத் தகட்டின் மேல் சுண்ணாம்புக் கரைசலைத் துணியால் பூசிக் காயவிட்டார்கள். மாவு ஒட்டாமல் இருக்க எண்ணெய்க்குப் பதில் அதுதான். டோர்டியாவை மெல்லத் தட்டிக் கோமாலில் இட்டதும், சில நொடிகளில் ஓரம் நிறம் மாறித் தானாகக் கிளம்பும். அப்போது முதல் முறை புரட்ட வேண்டும். இரண்டாம் பக்கம் சற்று நீண்ட நேரம் இருந்து, அங்கங்கே புள்ளி விழுந்த பிறகு மீண்டும் புரட்ட வேண்டும். இந்த இரண்டு சூட்டில் இரு மேற்பரப்புகளும் வெந்து, நெகிழ்வான இரண்டு ஏடுகளாக மூடிக்கொள்கின்றன. நடுவில் சிக்கிய ஈரம் நீராவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலாக விரிகிறது. போக வழியில்லாததால் அது ஏடுகளைப் பிரித்து, டோர்டியாவைப் பூரி போல உப்ப வைக்கிறது. மாவில் நீர் குறைந்திருந்தால் மேற்பரப்பு வெடித்து ஆவி கசிந்துவிடும்; என் முதல் நான்கும் அப்படித்தான் தட்டையாகக் கிடந்தன. பாட்டி என் மாசாவைக் கிள்ளிப் பார்த்து, இரண்டு விரல் நீர் தெளித்துப் பிசைந்து திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவது உப்பியது. டோர்டியா உப்பினால் கல்யாணத்துக்குத் தயார் என்று அங்கே ஒரு சொல் வழக்கு உண்டு. வீட்டுப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

கடைசியாக நீலச் சோளத்தில் சுட்டார்கள். அதன் நிறம் ஆந்தோசயனின் என்ற சாயத்தால் வருவது. காரத்தில் நீலம் சாம்பல் கலந்த பச்சைக்குச் சாயும், அமிலத்தில் சிவக்கும். சூடான டோர்டியாவின் மேல் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விழுந்த இடம் எங்கள் கண் முன்னே இளஞ்சிவப்பாக மாறியது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பதும் இதே வகை மாற்றம்தான், திசை மட்டும் எதிர்.

சுண்ணாம்பு எல்லாவற்றையும் தந்துவிடுவதில்லை. கால்சியத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. பூஞ்சைகள் விட்டுச்செல்லும் அஃப்ளடாக்சின் போன்ற நஞ்சுகளைக் கணிசமாகக் குறைக்கிறது. சோளப் புரதத்தில் இயல்பாகவே குறைவான லைசின், டிரிப்டோஃபான் என்ற இரண்டு அமினோ அமிலங்களையும் அது கொண்டுவந்து சேர்க்காது. பாட்டி அந்த நீல டோர்டியாவை எடுத்து, காலையிலிருந்து மண்சட்டியில் வெந்துகொண்டிருந்த கறுப்பு பீன்ஸை மசித்து அதன் மேல் ஒரு கரண்டி தடவி, மடித்து என் கையில் வைத்தார். குறைந்த இரண்டும் அந்தக் கரண்டியில் இருந்தன.