ஓடிபி: ஒருமுறைக் கடவெண்

ஓடிபி என்பது 'ஒன் டைம் பாஸ்வேர்ட்' என்பதன் முதலெழுத்துகள். ஒரே ஒரு தடவை செல்லுபடியாகும் கடவுச்சொல் என்று பொருள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. 'மெசேஜில் வந்த நம்பர்' என்பார்கள், அல்லது வெறும் 'நம்பர்'. இ-சேவை மையத்தில் "நம்பர் வந்திருக்கும், பாருங்க பெரியப்பா" என்று கேட்டதும் பெரியவர் போனையே எடுத்து நீட்டிவிடுகிறார். பி.எம். கிசான் உதவித்தொகைக்கான கேஒய்சி (ஆள் அடையாளச் சரிபார்ப்பு) ஆகட்டும், வருமானச் சான்றிதழுக்கான பதிவாகட்டும், அந்தச் சில இலக்கங்கள் வந்தால்தான் வேலை நகரும். எதற்காக வந்த எண் என்று தெரியாமலே அதைக் கொடுக்கிறார்களே என்பதுதான் என் கவலை.

முதலில் பாஸ்வேர்ட். காவலுக்கு நிற்பவரிடம் சொன்னால் உள்ளே விடுகிற சொல் அது. 'பாஸ்' என்றால் கடந்து போவது. கணினிக்குள் இது 1960களின் தொடக்கத்தில் வந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டபோது, ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காதிருக்க ஃபெர்னாண்டோ கோர்படோவின் குழு இதைச் சேர்த்தது. தமிழில் கடவுச்சொல். 'கட' என்ற வினையிலிருந்து வந்த கடவு, வழியைக் குறிக்கும். கடவுச்சீட்டிலும் அதே கடவுதான். இலங்கைத் தமிழர் பாஸ்போர்ட்டை அப்படித்தான் சொல்கிறார்கள். இதற்குக் 'குழூஉக்குறி' என்ற பழைய சொல் பொருந்தாதா என்று கேட்கலாம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை இலக்கண உரைகள் அதற்கு உதாரணமாகக் காட்டும். ஆனால் அது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் பொருளை மறைத்துப் பேசுவது. இங்கே வேலை வழிவிடுவது. ஆகவே கடவுச்சொல்லே சரி.

அப்புறம் 'ஒன் டைம்'. சொல்லிய சொல்லை வழியில் ஒருவர் ஒட்டுக்கேட்டால்? ஒவ்வொரு முறையும் வேறு சொல் கேட்டால், திருடியது மறுமுறை பயன்படாது. இதற்கு ஒரு கணித முறையைக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1981-இல் எழுதினார். நேரத்தை வைத்து எண் உண்டாக்கும் முறைக்கு 2011-இல் பொதுத் தரம் வந்தது. இந்தியாவில், இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கட்டக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. அதன் பிறகுதான் ஓடிபி வீட்டுக்கு வீடு பழக்கமானது.

'ஒருமுறை கடவுச்சொல்' என்று எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் போனுக்கு வருவது பெரும்பாலும் எண்தான். எனவே நான் ஒருமுறைக் கடவெண் என்றே எழுதுவேன். வாய்க்கும் இது சுருக்கம்.

இதோடு ஒட்டிவரும் 'டூ ஃபாக்டர்' (கணக்கைத் திறக்க இரண்டு வகைச் சான்று கேட்பது) என்பதை 'இரு காரணி' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. காரணி என்றால் ஒன்று நடக்கக் காரணமாக இருப்பது. இங்கே கேட்கப்படுவது, நீங்கள் நீங்கள்தான் என்பதற்கான சான்று. அதில் மூன்று வகை உண்டு: உங்களுக்குத் தெரிந்தது, உங்கள் கையில் இருப்பது, உங்கள் உடலில் இருப்பது. கடவுச்சொல்லும் அம்மா பெயரும் கேட்டால் படி இரண்டு, வகை ஒன்றே. இரண்டுமே தெரிந்த விஷயம். அதனால் இருசான்றுச் சரிபார்ப்பு என்றால் பொருள் தெளிவாக நிற்கும்.

குறுஞ்செய்தியில் வரும் கடவெண், சிம் உங்கள் கையில் இருப்பதற்கான சான்று. டெல்டாவில் சிக்கல் இங்கேதான். அப்பாவின் கணக்கில் மகன் எண் இருக்கும். மகன் சிங்கப்பூரில் இருப்பார். சில கணக்குகளில் பதிவு செய்துகொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரரின் எண்ணே நிற்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். கணக்கின் கடவும் அவரிடம் போகும். எண்ணை விடுவதற்கு முன்பே கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய்ப் புது எண்ணைச் சேர்த்து, பழையதை நீக்கிவிட வேண்டும்.

இன்னொரு வழியும் வைத்துக்கொள்வது நல்லது. ஆதென்டிகேட்டர் செயலி, தன்னிடமும் சர்வரிடமும் உள்ள ஒரே ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்து, வழக்கமாக 30 நொடிக்கு ஒரு புது எண் தரும். டவரே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் சிக்னல் இல்லை. அந்த நிலையிலும் இந்தச் செயலி எண் காட்டும், போனில் சார்ஜ் இருந்தால் போதும். வெளிநாட்டில் இந்திய சிம் வேலை செய்யாதவர்களுக்கும் இதுதான் வசதி. கூகுள் கணக்கில் எட்டு இலக்கக் காப்பு எண்கள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான். ஆக அவையும் ஒருமுறைக் கடவெண்களே. தாளில் எழுதி, பட்டா சிட்டா இருக்கும் பையில் வைத்துவிடுங்கள்.

நீங்கள் எதுவும் கேட்காமலே கடவெண் வந்தால், உங்கள் கடவுச்சொல் வேறு யாரிடமோ இருக்கலாம். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். சொல்லிவிட்டுப் பணமும் போய்விட்டதென்றால், தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.