சுக்கானிலிருந்து தொடங்குங்கள்: மீன்பிடிப் படகுக்கு மாற்று ஆட்டோபைலட்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில், சிட்கா போன்ற ஊர்களிலிருந்து சால்மன் பிடிக்கப் போகும் படகுகள் பலவற்றில் மொத்தமே ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் பிடிப்பது வலை போட்டு அல்ல. படகின் இரண்டு பக்கமும் நீளக் கம்பங்களைச் சாய்த்து, அவற்றிலிருந்து எஃகுக் கம்பிகளைக் கடலுக்குள் இறக்குவார்கள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் 20 கிலோ அளவில் ஓர் ஈயக் குண்டு, கம்பி நெடுகத் தூண்டில்கள். இத்தனையையும் இழுத்துக்கொண்டு படகு 2 அல்லது 3 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மீன் மாட்டினால் எடுக்க ஆள் நிற்கும் குழி பின்பக்கம். ஸ்டியரிங் சக்கரமோ முன்னால் அறைக்குள். படகு சட்டென்று திரும்பிவிட்டால் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; அதைப் பிரிப்பதற்குள் அன்றைய மீன் கூட்டம் போயே போய்விடும்.

ஆக, சுக்கானைத் தானாகத் திருப்பிப் படகைத் திசை மாறாமல் ஓட்டும் ஆட்டோபைலட், அந்தப் படகில் சம்பளம் வாங்காத இன்னொரு ஆள். அது செத்துப்போனால் தொழில் நின்றது. இப்படி நின்றவர் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் திரை. ஆனால் திரைதான் இதில் ஆகக் கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். நல்ல ஆட்டோபைலட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் சுக்கானில் தொடங்கி, எண்ணெய், மோட்டார், திசைகாட்டி என்று பின்னோக்கி வர வேண்டும்.

முதலில் ஆட்டோபைலட்டின் மூளை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். 1922இல் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி, கப்பல்கள் தாமாகத் திசை பிடித்துப் போவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் அவர். சக்கரத்தைப் பிடிக்கும் கைதேர்ந்த மாலுமி என்ன செய்கிறார் என்பதுதான் அவருக்கு வழிகாட்டி. கப்பல் 5 பாகை விலகினால் அந்த 5 பாகைக்கு ஏற்ற அளவு மட்டும் மாலுமி சுக்கானைத் திருப்புவதில்லை. எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று பார்த்து, கப்பல் திரும்பி வரும்போதே எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடித்துக் கொடுப்பார். காற்று ஒரே பக்கமாக அடித்தால், ஓயாமல் திருத்திக்கொண்டிருக்காமல், சுக்கானை ஓரளவு சாய்த்தே வைத்துக்கொள்வார். இப்போதைய பிழை, அது மாறும் வேகம், இதுவரை சேர்ந்த பிழை: இந்த மூன்றையும் கணக்காக்கினார் மினோர்ஸ்கி. நியூ மெக்ஸிகோ என்ற போர்க்கப்பலில் சோதனையும் நடந்தது. தானாகத் திரும்பும் சக்கரம் மாலுமிகளுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு கதை. இன்று கடையில் இருக்கும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அடிப்படையில் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. மூளைக்கு மூளை வித்தியாசம் உண்டுதான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

வித்தியாசம் கைகால்களில் இருக்கிறது. நடுத்தரப் படகுகளில் சுக்கானைத் தள்ளுவது ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். ஆட்டோபைலட்டின் பம்பு அதற்குள் எண்ணெயை ஏற்றும். எவ்வளவு பெரிய பம்பு வேண்டும்? டேப்பும் பேப்பரும் இருந்தால் போதும். சிலிண்டரின் உள்விட்டம் 4 செ.மீ., தண்டின் விட்டம் 2 செ.மீ., தண்டு ஓடும் தூரம் 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தண்டு அடைக்கும் இடத்தைக் கழித்தால் எண்ணெய் தள்ளும் பரப்பு சுமார் 9.4 சதுர செ.மீ. அதை 22ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 207 கன செ.மீ. சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 12 விநாடியில் போக வேண்டுமென்றால் விநாடிக்கு 17 கன செ.மீ., அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம். இதைவிடச் சிறிய பம்பு போட்டால், மூளை சொல்லி சுக்கான் கேட்பதற்குள் அலை படகைத் தள்ளிவிட்டிருக்கும். அப்புறம் மூளை இன்னும் அதிகமாகத் திருப்பச் சொல்லும். படகு பாம்பு போல நெளியும். பெரிசா வாங்கினால் தப்பில்லை என்று நினைக்கவும் கூடாது. அளவுக்கு மீறிய பம்பு சுக்கானை வெட்டி வெட்டி இழுக்கும், குறி தாண்டித் திரும்பி வரும், பேட்டரியையும் குடிக்கும்.

இன்னொன்று. சில படகுகளில் மோட்டாரே இரு பக்கமும் சுழன்று எண்ணெயை மாற்றி மாற்றித் தள்ளும். பெரிய படகுகளில் இன்ஜினோடு சேர்ந்த பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். இடம் வலம் என்று இரண்டு மின்வால்வுகள்தான் எண்ணெயைத் திருப்பிவிடும். பழைய பெட்டி எதை இயக்கியது என்று பார்க்காமல் வாங்கினால், புதுப் பெட்டிக்கும் படகுக்கும் பேச்சுவார்த்தையே நடக்காது. மின்னழுத்தமும் அப்படித்தான்: 12, 24 போக, பழைய அமெரிக்கப் படகுகளில் 32 வோல்ட்டும் உண்டு.

மெதுவாக ஓடும் படகுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. சுக்கானின் மேல் தண்ணீர் தரும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. 7 நாட்டில் ஓடும் படகு 2.5 நாட்டுக்கு இறங்கினால் சுக்கானின் பலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். புரொபெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் பட்டுக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். துறைமுகத்துக்குத் திரும்பும்போது 3 பாகை போதும் என்ற இடத்தில், மீன்பிடிக்கும்போது 15, 20 பாகை திருப்ப வேண்டியிருக்கும். அதனால் வேகத்துக்கு ஏற்ப சுக்கானைத் திருப்பும் அளவை மாற்றிக்கொள்ளும் பெட்டிதான் வேண்டும். சுக்கான் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் உணரியும் வேண்டும். அந்த உணரி இல்லாமலே ஊகித்து ஓட்டும் பெட்டிகளும் வந்துவிட்டன. வேகமாக ஓடும் சிறு படகுக்கு அது சரி. ஊர்ந்து மீன்பிடிக்கும் படகுக்கு நான் அதை வாங்கமாட்டேன்.

இனி திசைகாட்டி. பல ஆட்டோபைலட்டுகளில் இருப்பது ஃப்ளக்ஸ்கேட்: இரும்புக் கருவில் கம்பி சுற்றி, மாறுமின்சாரம் பாய்ச்சி, பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் கருவி. கிடைமட்டமாக இருக்கும்வரை சமர்த்து. ஆனால் பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் கிடைமட்டமாக இல்லையே. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது; திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதனால்தான். கன்னியாகுமரிக் கடலில் காந்தப்புலம் ஏறக்குறைய படுத்தே கிடக்கும். சிட்காவிலோ 70 பாகைக்கு மேல் சரிந்து தரைக்குள் குத்திக்கொண்டு போகிறது. திசை காட்ட உதவும் கிடைமட்டப் பகுதி அங்கே நம் பக்கத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை.

படகு வடக்கு நோக்கிப் போகிறது, அலையில் பக்கவாட்டில் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு உணரியும் சாய்ந்தால், கீழ்நோக்கிய அந்தப் பலமான புலத்தில் ஒரு துண்டு கிழக்கு மேற்காகப் புகுந்துவிடும். 5 பாகை சாய்ந்தாலே 15 பாகை அளவுக்குத் திசை பொய்யாகலாம். அதை நம்பி மூளை சுக்கானைத் திருப்பும், படகு அலைபாயும். அதே படகு கிழக்கு நோக்கிப் போனால் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை. ‘வடக்கே போனால் மட்டும் பைலட் குடித்தவன் மாதிரி ஓட்டுகிறது’ என்று ஒருவர் சொன்னால், புதுப் பெட்டி வாங்கும் முன் திசைகாட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, படகு திரும்பும் வேகத்தையும் சாய்வையும் நேரடியாக அளக்கும் கைரோக்கள் சேர்ந்த உணரி. மற்றது செயற்கைக்கோள் திசைகாட்டி. அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்கள். ஜிபிஎஸ் அலையின் நீளம் 19 செ.மீ.; ஒரே அலை எதில் எவ்வளவு முன்பின்னாக வந்து சேர்கிறது என்று பார்த்தால் படகின் முகம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். காந்தமே வேண்டாம் என்பதால் எஃகுப் படகுக்கு இது வரப்பிரசாதம், விலைதான் கடிக்கும். சாதாரண ஜிபிஎஸ் போதாதா என்றால், போதாது. அது படகு நகரும் திசையைச் சொல்லும், முகம் பார்க்கும் திசையைச் சொல்லாது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும் கடலில் இரண்டும் வேறு வேறு.

இதெல்லாம் பார்த்து வாங்கிய பிறகும் பழைய பாவங்கள் பாக்கி இருக்கும். எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் சக்கரம் பஞ்சு போல இருக்கும். எந்த மூளையும் அதைச் சரிசெய்யாது. பச்சை பூத்த கம்பி வழியாகப் பம்புக்கு மின்சாரம் போனால், மோட்டார் இழுக்கும் நொடியில் வோல்ட் விழுந்து பெட்டி அணைந்து மறுபடி உயிர் பெறும். பழைய பெட்டி சாகவே இல்லை, கம்பிதான் செத்தது என்று தெரியவருவதும் உண்டு.

மாட்டியபின் துறைமுகத்தில் கட்டிப்போட்டபடியே சுக்கானை இரு கோடிக்கும் ஓட்டி நேரம் பார்க்க வேண்டும். வெளியே போய் அமைதியான நீரில் மெல்ல வட்டமடித்துத் திசைகாட்டியைப் பழக்க வேண்டும். அப்புறம் கம்பிகளை இறக்கி, குண்டுகள் தொங்க, 2 நாட்டில், வடக்கு நோக்கி, அலையைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்பக்கக் குழியில் நின்றுகொண்டு, கையில் ரிமோட்டோடு.