பத்து மடங்குக்குப் பதினைந்து

“வியட்நாம் போரை அமெரிக்க மக்கள் எதிர்த்ததற்கு டிவிதானே சார் காரணம்?” என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பிணங்களைப் பார்த்தார்கள், மனசு மாறிவிட்டது என்று நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். நம்பும்படியான கதைதான், ஆனால் கணக்கு இடிக்கிறது.

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் போர்க்காலம் முழுக்க ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவந்தது: வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா? 1965 ஆகஸ்டில் ‘தவறு’ என்றவர்கள் 24 சதவீதம், ‘இல்லை’ என்றவர்கள் 61 சதவீதம். 1971 மே மாதத்தில் அந்த 61 அப்படியே இடம் மாறி ‘தவறு’ பக்கம் வந்துவிட்டது.

இதற்கு முந்தைய கொரியப் போரிலும் (1950–53) இதே மாதிரிக் கேள்வி கேட்டிருந்தார்கள். அப்போது அமெரிக்காவில் பாதி வீடுகளில்கூட டிவி கிடையாது. பெரிய எதிர்ப்பு ஊர்வலங்களும் இல்லை. இருந்தும் ஆதரவு சரிந்தது. ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் இரண்டு போர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1973இல் ஒரு விதி சொன்னார். இறந்தவர், காயம்பட்டவர் எல்லாம் சேர்ந்த மொத்த எண்ணிக்கை பத்து மடங்கு ஏறும்போதெல்லாம் போருக்கான ஆதரவு சுமார் 15 சதவீதப் புள்ளி இறங்குகிறது. கொரியாவுக்கும் அதேதான், வியட்நாமுக்கும் அதேதான்.

பள்ளியில் மடக்கை (log) அட்டவணையைப் புரட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும். 100 பேர் 1,000 ஆனால் 15 புள்ளி. 1,000 பேர் 10,000 ஆனாலும் 15தான். தொடக்கத்தில் 900 பேர் செய்த வேலையைச் செய்ய, பிற்பாடு 9,000 பேர் தேவைப்படுகிறார்கள். ஏன் இப்படி? மக்களின் மனசு மரத்துப்போகிறது என்று சொல்லத் தோன்றும். எனக்குப் பிடித்த விளக்கம் வேறு.

புளியமரத்தை உலுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? முதல் உலுக்கலில் நன்றாகப் பழுத்ததெல்லாம் சடசடவென்று கொட்டிவிடும். அடுத்ததற்குக் கிளைமேல் ஏறி மிதிக்க வேண்டும். அப்புறம் தொரட்டி தேவைப்படும். மரம் மாறவில்லை, மிச்சம் இருப்பது காம்பு கெட்டியான காய். அதே மாதிரி, போரின் தொடக்கத்திலேயே அரைமனதாக இருந்தவர்கள் சில நூறு சவப்பெட்டிகளைப் பார்த்ததும் கழன்றுகொள்கிறார்கள். 1968இல் மட்டும் வியட்நாமில் 16,000 அமெரிக்கர்களுக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அதற்குள் எளிதில் உதிரக்கூடியவர்கள் உதிர்ந்திருந்தார்கள். எஞ்சியவர்களை அசைக்க அவ்வளவு பெரிய எண்ணிக்கை வேண்டியிருந்தது. யாருடைய மனசும் மரத்துப்போகாமலேயே ஆதரவு சரியும் வளைகோடு தட்டையாகிவிடும். ஒரு தனி மனிதரின் உணர்ச்சி என்று நாம் நினைப்பது, கூட்டத்தில் யார் மிச்சம் இருக்கிறார் என்ற கணக்காக இருப்பதுதான் இதில் அழகு.

சரி, நாடு முழுவதற்குமான மொத்த எண் மட்டும் போதுமா? போதாது என்று பின்னாளில் ஸ்காட் கார்ட்னர், கேரி செகுரா போன்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். சமீபத்திய சாவுகளும் சொந்த வட்டாரத்துச் சாவுகளும் கூடுதலாக உறுத்துகின்றன. 1969 ஜூனில் அமெரிக்காவின் லைஃப் இதழ் ஒரே வாரத்தில் இறந்த 242 பேரில் பெரும்பாலானோரின் முகங்களைப் பள்ளிக்கூட ஆல்பம் போல வரிசையாக அச்சிட்டது. அந்தப் பக்கங்களில் யாருக்கும் தன் தெருப் பையன் கண்ணில் படலாம்.

தன் தலைக்கே வந்தால்? அதைச் சோதிக்க ஒரு விபரீதமான வாய்ப்பு கிடைத்தது. 1969 டிசம்பர் 1 அன்று, ஆண்டின் 366 தேதிகளையும் நீல பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, கட்டாய ராணுவ சேவைக்கு யாரை அழைப்பது என்று குலுக்கல் நடத்தினார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14, அதற்கு எண் 1; இப்படி வந்த வரிசைதான் ஒவ்வொரு தேதிக்கும் எண். 195வது எண் வரை வந்த தேதிகளில் பிறந்த இளைஞர்களுக்கு ராணுவ அழைப்பு போனது. எண் சோதிடத்தை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்பவன் நான். பிறந்த தேதி ஒருவனின் தலையெழுத்தை நிஜமாகவே எழுதியது எனக்குத் தெரிந்து இந்தக் குலுக்கலில்தான்.

அதிலும் ஒரு கோளாறு. ஜாடியில் கொட்டுவதற்கு முன், ஜனவரியில் தொடங்கி மாதம் மாதமாகக் குப்பிகளை ஒரு பெட்டியில் போட்டவர்கள் சரியாகக் கலக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் எந்த மாதத்துக்கும் சராசரி எண் 183க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜனவரிக்கு 201 வந்தது, டிசம்பருக்கு 121தான். மார்கழிப் பிள்ளைகள் பாவம். அடுத்த ஆண்டு தேதிக்கு ஒரு உருளை, எண்ணுக்கு ஒரு உருளை என்று திருத்திக்கொண்டார்கள்.

1965இல் பள்ளி முடித்த மாணவர்களை ஒரு ஆய்வுக் குழு அப்போதே பேட்டி கண்டிருந்தது. அதே ஆட்களை 1973இலும் பிறகும் தேடிப்போய்க் கேட்டார்கள். முப்பது வருடம் விடாமல் ஒரே ஆட்களைத் துரத்தும் ஆய்வுக்கு நம் ஊரில் யார் காசு கொடுப்பார்கள்? மூன்று வருடத்தில் அறிக்கை கேட்பார்கள். அந்தத் தரவை வைத்து ராபர்ட் எரிக்சனும் லாரா ஸ்டோக்கரும் 2011இல் எழுதிய கட்டுரையில் கண்டது இது: அழைப்பு வரக்கூடிய சின்ன எண் விழுந்தவர்கள், பெரிய எண் விழுந்தவர்களைவிட அதிகமாகப் போரை எதிர்த்தார்கள். 1972 தேர்தலில் ஓட்டையும் அதற்கேற்ப மாற்றினார்கள். 1997இல், ஐம்பது வயதில், அந்தப் போர் தவறா என்று கேட்டபோதும் அவர்கள் பதிலில் அந்த நீலக் குப்பியின் எண் தெரிந்தது.